விமானி ஆக, கடன் கழுத்தை நெரிக்காத வழி எது?

கேள்வி
பள்ளிப் படிப்பு முடியப் போகிறது. கணக்கும் இயற்பியலும் ஓரளவு வரும். விமானி ஆவதுதான் ஆசை. ஒரு பயிற்சிப் பள்ளி, தொடக்கத்திலிருந்து கமர்ஷியல் லைசென்ஸ் (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம்) வரை ஒரே கோர்ஸாகத் தருகிறது. மொத்தப் பணத்தையும் முன்பே கட்டினால் தள்ளுபடியாம். அப்பா வீட்டை அடமானம் வைக்கவே தயார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. வேறு வழி உண்டா? டிகிரி முடித்துவிட்டுப் போகலாமா?

பதில் 1
தம்பி, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். முதல் செலவு கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது தொழில்முறை விமானிக்கான உடல்தகுதிப் பரிசோதனை. கண்ணாடி போட்டிருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை; நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு முன் யாருக்கும் ஒரு பைசா கட்டாதீர்கள்.

நான் வேலை பார்த்துக்கொண்டே மாடுலர் முறையில், அதாவது கட்டம் கட்டமாகப் படித்து வந்தவன். பிரைவேட் லைசென்ஸ் (சொந்தத்துக்கு ஓட்ட), அப்புறம் பறந்த மணிநேரம் சேர்ப்பது, தியரி, கமர்ஷியல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) என்று கையில் காசு இருந்தபோது ஒவ்வொன்றாக முடித்தேன். ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி கமர்ஷியலுக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த கோர்ஸ் (நீங்கள் சொன்ன மாதிரி எல்லாம் ஒன்றாக) என்றால் 150 போதும். மாடுலரில் மணிநேரம் கூடினாலும், அதில் பெரும்பகுதியைச் செஸ்னா 152 போன்ற சின்ன விமானத்தில் ஓட்டிவிடலாம். இரட்டை எஞ்சினில் ஏறினால் வாடகை எகிறும், தேவையான அளவுக்கு மட்டும் ஏறுங்கள்.

இன்னொன்று, விளம்பரத்தில் வராதது. பல பள்ளிகள் ஹாப்ஸ் மீட்டரைப் பார்த்துத்தான் பில் போடும். எஞ்சின் ஓடினால் அது ஓடும், விமானம் தரையில் நின்றாலும் சரி. பெரிய விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் காத்திருக்கும் நேரமும் உங்கள் காசுதான். சின்ன ஏர்ஃபீல்டில் அந்த வம்பு குறைவு.

பதில் 2
மாடுலர் மலிவுதான், ஆனால் இழுத்தடித்தால் மலிவில்லை. நடுவில் மாதக்கணக்கில் பறக்காமல் விட்டால் கை மறந்துபோகும், கற்றதையே காசு கொடுத்துத் திரும்பக் கற்க வேண்டும். ஐரோப்பிய முறையில் ஏடிபிஎல் (ஏர்லைன் விமானி லைசென்ஸ்) தியரி 13 பாடம். முடித்த 36 மாதத்துக்குள் கமர்ஷியலும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வாங்காவிட்டால் தியரி காலாவதி. தியரி முடிவதற்குள் அடுத்த கட்டத்துக்கான பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

கேட்டவர்
நன்றி அண்ணா. டிகிரி?

பதில் 1
லைசென்ஸுக்கு டிகிரி தேவையில்லை. சில ஏர்லைன்கள் கேட்கும், அது வேறு விஷயம். அமெரிக்காவில் மட்டும் கணக்கு மாறும்: ஏர்லைனுக்குப் பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும், அங்கீகரித்த விமானவியல் பட்டம் இருந்தால் 1,000 போதும். அந்த மணிநேரத்தைப் பலர் பயிற்சியாளராகச் சம்பாதித்தபடியே சேர்க்கிறார்கள். வேறு நாட்டில் படித்தால், வேலை பார்க்கப்போகும் நாட்டில் லைசென்ஸ் மாற்றத் தேர்வும் செலவும் உண்டு என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தத் தள்ளுபடியை மறந்துவிடுங்கள். பள்ளி நடுவில் மூடினால் முன்பணம் திரும்புவது குதிரைக்கொம்பு. கட்டம் கட்டமாகக் கட்டவிடுகிற இடமாகப் பாருங்கள். நேரில் போய் இன்றைக்கு எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று அங்கே படிக்கும் மாணவரிடம் கேளுங்கள், அலுவலகத்தில் வேண்டாம்.