ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும் பழைய ஆல்டிஸ்: எதைப் பார்ப்பது?

ஈசூன்வாசி:

வணக்கம். என்னுடையது 2007 மாடல் கொரோலா ஆல்டிஸ் 1.6, ஆட்டோ கியர். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇ-யை 2017இல் பத்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். கொஞ்ச காலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது.

காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. மத்திய விரைவுச்சாலையில் அங் மோ கியோ தாண்டி நெரிசலில் ஊரும்போதுதான் வருகிறது. முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லை. குலுங்காது, திணறாது, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். திரும்பச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது. பானட்டைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். பெட்ரோல் நிலையத்தில் அணைத்துவிட்டுப் பணம் கட்டி வந்தபோதும் இதே பாடு.

வொர்க்‌ஷாப்பில் பேட்டரி, பிளக் இரண்டையும் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். பலன் இல்லை. அடுத்து பெட்ரோல் பம்ப்பை மாற்றலாம் என்கிறார்கள். எஞ்சின் விளக்கு எரியவில்லை, ஸ்கேனரிலும் கோளாறைச் சொல்லும் குறியீடு (கோடு) எதுவும் வரவில்லை. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிற வண்டி இது. அவரை உள்ளே வைத்துக்கொண்டு விரைவுச்சாலை நடுவில் நிற்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பம்ப்பை மாற்றச் சொல்லலாமா?

கடற்பாலம்_தாண்டி:

அண்ணே, பர்ஜ் வால்வைப் பாருங்க. ஜொகூர் போறதுக்கு முக்கால் டாங்க் இருக்கணுமே, அதுக்காக உட்லண்ட்ஸில் நிரப்பிட்டுச் சோதனைச்சாவடி வரிசையில் நிற்பேன். அங்கேதான் என் லான்சர் அணையும். டாங்கிலிருந்து வருகிற பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடுகிற வால்வு அது. மூடாமல் சிக்கிக்கொண்டிருந்தது, மாத்தினதும் சரியாயிடுச்சு. நீங்களும் பெட்ரோல் போட்டபிறகு வருதுன்னு சொல்றீங்களே.

காக்கி_புக்கிட்_மாமா:

தம்பி, பம்ப்புக்குப் பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் பட்டறையில் நின்றவன் நான், இப்போது ஓய்வில் இருக்கிறேன். அணைந்துபோகிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அது எப்படி அணைகிறது என்பதைத்தான். அதைப் பார்க்காமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பது வாடிக்கையாளர் பணத்தில் நடத்தும் பரீட்சை. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

பெட்ரோல் போதாமல் நிற்கிற எஞ்சின் பெரும்பாலும் சொல்லாமல் நிற்காது. மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும், மிதித்தால் தயங்கும், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் தள்ளாடித் தள்ளாடி இறங்கும். காற்றுக் கசிவாக இருந்தாலோ ஐடில் வால்வில் கரி பிடித்திருந்தாலோ, சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடும், ஏர்கான் கம்ப்ரசர் வேலை செய்யத் தொடங்கும் நொடியில் அணையும். ஆனால் உடனே திரும்பக் கிளம்பிவிடும். நீங்கள் சொல்வதில் இதெல்லாம் இல்லை. சூட்டில் திடீரென்று சாவு, ஆறியதும் உயிர். எனக்குக் கிராங்க் சென்சர் மேல்தான் சந்தேகம்.

எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது, என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று, எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியுவுக்குச் சொல்வது அந்தச் சின்னச் சாமான். சிக்னல் போய்விட்டால் ஈசியு பிளக்குக்கு நெருப்பும் கொடுக்காது, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் திறக்காது. உள்ளே இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். வயதானால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி சேரும். வேகமாக ஓடும்போது காற்று பட்டுத் தப்பித்துக்கொள்கிறது, நெரிசலில் சூடு தேங்கி மாட்டிக்கொள்கிறது. எஞ்சினை அணைத்தால் தண்ணீர்ச் சுழற்சி நின்றுவிடும், அதனால் பானட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும். பெட்ரோல் நிலையத்தில் நடந்தது அதுவாக இருக்கலாம்.

கடற்பாலத் தம்பி சொன்ன பர்ஜ் வால்வும் உண்மையில் வருகிற கோளாறுதான். ஆனால் அதில் பெட்ரோல் வாடை அடிக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தால் தள்ளாடியாவது எஞ்சின் கிளம்பும். முக்கியமாக, டாங்க் நிறைந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் தொல்லை கொடுக்கும். ஈசூன் தம்பிக்கு நெரிசலிலும் வருகிறதே.

இப்போது பம்ப் கதைக்கு வருகிறேன். கிராங்க் சிக்னல் இல்லாத நேரத்தில் ஈசியு பம்ப்பையும் ஓடவிடாது. அந்த நேரம் பார்த்து கேஜ் மாட்டினால் பிரஷர் கிடைக்காது, பம்ப் செத்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். நல்ல பம்ப்கள் எத்தனையோ இப்படிக் குப்பைக்குப் போயிருக்கின்றன. பம்ப்பைச் சோதிப்பதானால் எஞ்சின் ஓடும்போது சோதிக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு 3 பாருக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும், சூடேறிய பிறகும் இறங்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஈசியு சொல்வதைப் படித்துப் போனில் காட்டும் ஓபிடி கருவி ஒன்றை மாட்டிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அணைந்து, கிளம்ப மறுக்கும்போது, லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மைத் திறந்துவைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சென்சர் உயிரோடு இருந்தால் 200 சொச்சம் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றியும் பூஜ்யத்திலேயே நின்றால் சிக்னல் வரவில்லை. கோடு இல்லை என்பதை வைத்து மட்டும் சென்சர் நல்லது என்று நம்பாதீர்கள். கிராங்க் சென்சர் கோளாறுக்கான பி0335 கோடு பதிவாவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பி எடுத்திருப்பீர்கள்.

அதுவரை அம்மாவை இந்த வண்டியில் விரைவுச்சாலைக்குக் கூட்டிப் போகாதீர்கள். எஞ்சின் அணைந்தால் பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், பிறகு கட்டையாகிவிடும். ஸ்டியரிங்கும் கனக்கும். அப்படி ஆனால் பதறாமல் அபாய விளக்கைப் போட்டு, உருளும் வேகத்திலேயே இடது ஓரம் ஒதுங்குங்கள். எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். விரைவுச்சாலையில் நின்ற வண்டியை எமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்பு அமைப்பு) மீட்பு வாகனம் பக்கத்துக் கார் நிறுத்துமிடம் வரை இலவசமாகவே இழுத்துச் சென்று விடும்.

செங்காங்_அப்பா:

இவ்வளவு பாடு எதற்கு? பழைய வண்டி என்பதால் சாலை வரி ஏற்கெனவே 50 விழுக்காடு கூடுதல், வருடா வருடம் பரிசோதனை வேறு. 2027இல் சிஓஇ முடிகிறது. இப்போதே ஸ்க்ராப் செய்துவிடலாமே.

காக்கி_புக்கிட்_மாமா:

ஒரு சென்சருக்காகவா? புதுப்பித்த வண்டிக்கு பார்ஃப் தொகை (பதிவை நீக்கும்போது அரசு திருப்பித் தரும் பணம்) கிடையாது, மீதமுள்ள சிஓஇ-க்குக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதுதான் கிடைக்கும். அந்தப் பணத்தில் இன்னொரு வண்டி எப்படி வாங்குவார்? என்ன கோளாறு என்று தெரிந்த பிறகு முடிவு செய்யட்டும்.

ஈசூன்வாசி:

ஐயா, நீங்கள் சொன்னபடியே கருவியை மாட்டினேன். அம்மாவை டாக்சியில் அனுப்பிவிட்டு, சிலேத்தார் விரைவுச்சாலையில் ஒரு சுற்று ஓட்டி வந்து, வீட்டுக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் ஏர்கானைப் போட்டபடி ஐடிலில் விட்டேன். ரேடியேட்டர் விசிறி வந்து வந்து போனது. பிறகு அணைந்தது. அந்த நொடியில் முள் தள்ளாடவே இல்லை, நேராகக் கீழே விழுந்தது. ஸ்டார்ட்டரைச் சுற்றினேன், திரையில் ஆர்பிஎம் 0. ஆறிய பிறகு சுற்றினால் 230 காட்டி உடனே பிடித்துக்கொண்டது.

படம் பிடித்து வொர்க்‌ஷாப்பில் காட்டியதும் பம்ப் பேச்சை விட்டுவிட்டார்கள். கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் கீழே இருந்ததைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். பத்து நம்பர் போல்ட்டு ஒன்றுதான். கனெக்டருக்குள் கருப்பாக எண்ணெய், கிளிப் தொட்டதும் உடைந்துவிட்டது. சென்சர் தலையில் பிளாஸ்டிக் சற்று உப்பி, ஓரத்தில் கீறல் விழுந்திருந்தது. அசல் சாமானையே போடச் சொன்னேன். அதே நிறுத்துமிடத்தில் அதே மாதிரி ஏர்கானோடு ஓடவிட்டுப் பார்த்தேன், நெரிசல் நேரத்தில் மத்திய விரைவுச்சாலையிலும் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். அணையவில்லை. மிக்க நன்றி ஐயா. இனி அம்மாவை ஏற்றலாமா?

காக்கி_புக்கிட்_மாமா:

கோளாறை உங்கள் கண்ணாலேயே பார்த்து, அதே சூட்டில் திரும்பவும் சோதித்துவிட்டீர்கள், தாராளமாக ஏற்றுங்கள். ஒரே ஒரு வேலை பாக்கி. கனெக்டருக்குள் எண்ணெய் என்றால் மேலே எங்கோ கசிகிறது. வால்வ் கவர் கேஸ்கெட்டையும் டைமிங் செயின் கவர் ஓரத்தையும் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவை அடைக்காவிட்டால் புதுக் கனெக்டரும் ஊறிப்போகும், பரிசோதனையிலும் கேள்வி வரும். உடைந்த கிளிப்பைக் கேபிள் டையால் கட்டிவிட்டிருந்தால் அதையும் விட வேண்டாம், கனெக்டரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.