சூடைக்கு ஸ்கேன்

தங்கச்சிமடம் வீட்டார் குழு, ஜூன் 12

செல்வி: நாளைக்கு ராமநாதபுரத்துக்கு யாராவது கார் எடுக்கிறீர்களா? சினையாக இருக்கிற நம்ம பூனை சூடையை ஸ்கேனுக்குக் கொண்டு போகணும். நேற்றிலிருந்து காரல் மீன் வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போகிறாள்.

அந்தோணி மாமா: பூனைக்கு ஸ்கேனா

ரீட்டா: மனுசருக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்டுதான் மாமா. வயிற்று முடியை மழித்து ஜெல் தடவிப் பார்ப்பார்கள், வலிக்காது. மூன்றரை வாரத்திலேயே குட்டியின் இதயம் துடிப்பது தெரியும். இப்போது எடுப்பது துடிப்பை எண்ணத்தான். நிமிடத்துக்கு 200-க்கு மேல் இருந்தால் நல்லது. 180-க்குக் கீழே இறங்கினால் குட்டி திணறுகிறது, காத்திருக்கக் கூடாது.

ஜெரோம்: எத்தனை குட்டி என்று சொல்வார்களா

ரீட்டா: அதில் ஸ்கேன் தவறும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்துகொள்ளும். எண்ணிக்கைக்கு எக்ஸ்ரேதான், 45 நாளுக்கு மேல் எலும்பு தெரியும்.

லூர்து பெரியம்மா: நாள் கணக்கு யாருக்குத் தெரியும்

செல்வி: எனக்குத் தெரியும். மீன்பிடித் தடை தொடங்கிய மறுநாள், ஏப்ரல் 16. மேலத்தெருக் கடுவன் ராத்திரி முழுக்கச் சத்தம்.

ரீட்டா: அப்படியென்றால் இன்று 57. பூனைக்கு 63 முதல் 65 நாள். ஜூன் 18 முதல் 20-க்குள்.

ஜெரோம்: தடை முடிந்து 15-ஆம் தேதி கடலுக்குப் போகிறோமே. மாமா, ஐஸ் சொல்லியாச்சா?

அந்தோணி மாமா: சேசுவைக் கேள். போன வருச டீசல் கணக்கே தீரவில்லை. காரையும் அவனே வந்து கேட்கட்டும்

லூர்து பெரியம்மா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். செல்வி, சூடைக்கு உடம்பு சுடுகிறதா? காய்ச்சல் மாத்திரை பாதி கொடு

ரீட்டா: வேண்டவே வேண்டாம் பெரியம்மா! பாராசிட்டமால் பூனைக்கு விஷம். உயிரே போய்விடும்.

லூர்து பெரியம்மா: சரி சரி

செல்வி: போன தடவை முக்கிக்கொண்டே கிடந்தாள். விடியட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டும் செத்துத்தான் வந்தன. மூன்று நாள் அந்தச் சாக்கை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. இந்தத் தடவை அப்படி விடமாட்டேன் மாமா.

ரீட்டா: அக்கா, விடாமல் முக்கி அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லை என்றால் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.

அந்தோணி மாமா: 8 மணிக்கு வாசலில் நில். ஐஸ் வண்டி வந்துவிட்டால் 10 ஆகும்

செல்வி: 10 என்றால் டாக்டர் இருப்பாரா ரீட்டா?

ஜெரோம்: ஐஸ் எத்தனை பெட்டி மாமா

லூர்து பெரியம்மா: கூடையில் பழைய சேலை விரித்துக் கொண்டு போ. ஒரு குட்டி எனக்கு