ரெட் கார்டு போடுவது சங்கத்தின் வேலையா?

கிளாப்கட்டை: சினிமா சங்கம் என்றாலே எனக்கு ரெட் கார்டுதான் நினைவுக்கு வருகிறது. சம்பள பாக்கியோ கால்ஷீட் தகராறோ, ‘இவரை வைத்து யாரும் படம் எடுக்கக் கூடாது’ என்று கதையை முடித்துவிடுகிறார்கள். ஒருவர் பிழைப்பை நிறுத்த இவர்கள் யார்?

மூன்றாம்வரிசை: கோர்ட்டுக்குப் போனால் கேஸ் முடிவதற்குள் தயாரிப்பாளர் வட்டியிலேயே மூழ்கிவிடுவார். அப்புறம், 2018-ஐ மறந்துவிட்டீர்களா? தியேட்டரில் டிஜிட்டலில் படம் ஓட்ட கியூப் மாதிரி நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர்தான் விபிஎஃப் என்ற திரையிடல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. புரொஜெக்டர் செலவை நம் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்று ஒரு சின்னத் தயாரிப்பாளர் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். தயாரிப்பாளர் சங்கம் மார்ச் 1 முதல் புதுப்படங்களையே நிறுத்தியது. ஒன்றரை மாதத்தில் கட்டணம் இறங்கியது.

கிளாப்கட்டை: இறங்கியது, சரி. நடுவில் ஷூட்டிங்கையும் நிறுத்தினார்களே, லைட்மேனுக்குப் போன கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ரீல்பெட்டி: அந்த லைட்மேனுக்கும் சங்கம் இருக்கிறது சார். 2020-ல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி கேட்டுத்தான் நடிகர்கள் பணம் தந்தார்கள். ரஜினி மட்டும் 50 லட்சம். யார் யார் தொழிலாளி என்று ஒரு பட்டியலே இல்லாவிட்டால் அது எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்?

ஆனால் ரெட் கார்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மலையாள இயக்குநர் வினயன் படத்தில் வேலை செய்யக் கூடாது என்று நடிகர்களையும் டெக்னீஷியன்களையும் மறைமுகமாகத் தடுத்ததற்காக நடிகர் சங்கமான அம்மாவுக்கும் டெக்னீஷியன்களின் ஃபெஃப்காவுக்கும், வர்த்தகத்தில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2017-ல் அபராதம் போட்டது. ஃபெஃப்காவின் மேல்முறையீட்டை 2020-ல் உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டது. சங்கம் வைப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்து நின்று ஒருவருக்கு வேலை கிடைக்காமல் செய்ததுதான் தப்பு.

மூன்றாம்வரிசை: அது பழிவாங்கல். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பாதிப் படத்தில் காணாமல் போகிறவரையும் அதே தட்டில் வைக்கிறீர்களே!

ரீல்பெட்டி: அவருக்கு ஒப்பந்தத்திலேயே மத்தியஸ்தம் எழுதலாமே. அதற்கான சட்டம் 1996-லிருந்து இருக்கிறது.

கிளாப்கட்டை: மத்தியஸ்தர் யார், அதே சங்கத்துச் செயலாளரா?

மூன்றாம்வரிசை: ஓய்வுபெற்ற நீதிபதியையே வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய ஃபீஸை அந்தச் சின்னத் தயாரிப்பாளர் எதை விற்றுக் கட்டுவார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.