உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் உறுப்பினர் ஆவது எப்படி?

தெற்குவாசல்:
எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு சென்னையில் கவுன்சிலிங் பார்க்கிறேன். சர்வதேச உளப்பகுப்பாய்வுச் (சைக்கோஅனாலிசிஸ்) சங்கத்தில், அதாவது ஐ.பி.ஏ.வில், உறுப்பினராகச் சேர விண்ணப்பம் எங்கே கிடைக்கும்? இரண்டு வருடமாக ஒரு தெரபிஸ்டிடம் வாரம் ஒருமுறை போய்வருகிறேன். அது கணக்கில் வருமா? உறுப்பினரானதும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்கலாமா?

மஞ்சள்விளக்கு:
விண்ணப்பம் போட்டுச் சந்தா கட்டிச் சேரும் சங்கம் இல்லை இது. ஐ.பி.ஏ.வுக்குள் போகும் வழக்கமான வழி, அதன் அங்கமான ஒரு நாட்டுச் சங்கத்தில் பயிற்சி முடிப்பதுதான். இந்தியாவில் அது கிரீந்திரசேகர் போஸ் 1922ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். அங்கே முதலில் கேண்டிடேட், அதாவது பயிற்சி பெறுபவர், அப்புறம்தான் உறுப்பினர்.

உலகத்தில் அதிகம் நடக்கும் பயிற்சி, மாக்ஸ் ஐடிங்கன் என்ற உளப்பகுப்பாய்வாளர் பெயரில் வழங்கும் ஐடிங்கன் முறை. 1920ல் பெர்லினில் உருவானது. மூன்று பகுதி: நீங்களே ஒரு பகுப்பாய்வாளரிடம் போய் சாய்விருக்கையில் படுத்துச் செய்துகொள்ளும் சொந்தப் பகுப்பாய்வு, மேற்பார்வையில் பார்க்கும் நோயாளிகள், வகுப்புகள். சொந்தப் பகுப்பாய்வு முன்பு வாரம் 4 அல்லது 5 நாள் என்றிருந்தது. 2017ல் 3 முதல் 5 என்று தளர்த்தினார்கள். ஒரு அமர்வு குறைந்தது 45 நிமிடம். எனவே வாரம் ஒருமுறை போனது உங்களுக்கு நல்லது செய்திருக்கலாம், கணக்கில் வராது.

பலர் சறுக்கும் இடம் இதுதான்: பிடித்த ஒருவரிடம் மூன்று வருடம் போய்விட்டு, பிறகு விண்ணப்பிக்கிறார்கள். பயிற்சிக்கான சொந்தப் பகுப்பாய்வுக்குச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஆளாக அவர் இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. முதல் அமர்வுக்கு முன்பே பயிற்சிக் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். சென்னையிலிருந்து ஆன்லைனில் செய்யலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பணக் கணக்கும் போடுங்கள். அமர்வுக்கு 1,500 ரூபாய், வாரம் 4, வருடம் 40 வாரம் என்று வைத்தாலே ஆண்டுக்கு 2,40,000. ஐந்து வருடத்தில் 12 லட்சம். மேற்பார்வைக் கட்டணம் தனி.

கோட்டூர்_குருவி:
போர்டு வைக்க முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு வேண்டும். சங்க உறுப்பினர் அட்டை அதற்கு ஈடாகாது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

தெற்குவாசல்:
நன்றி. மேற்பார்வை நோயாளிகள் விஷயம்தான் புரியவில்லை. எத்தனை பேர்?

மஞ்சள்விளக்கு:
பொதுவாக இரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் வேறு மேற்பார்வையாளர். உங்களைப் பகுத்தாய்பவர் அந்த வேலைக்கு வரக்கூடாது. பயிற்சி இழுத்துக்கொண்டே போவது வகுப்பால் அல்ல, இந்த நோயாளிகளால்தான். வாரம் நான்கு நாள் வர ஒருவர் ஒத்துக்கொள்வதே பெரிய விஷயம். ஐந்தாம் மாதம் வேலை மாற்றிக்கொண்டு பெங்களூர் போய்விட்டால், அந்தக் கேஸுக்குக் குறிப்பிட்ட காலம் நிறைவடையாது. புது ஆள், புதுத் தொடக்கம். அதனால் எடுக்கும்போதே வீடு எங்கே, வேலை நிரந்தரமா, குறைத்த கட்டணத்தையாவது வருடக்கணக்கில் கட்ட முடியுமா என்று பாருங்கள். இலவசமாக எடுக்காதீர்கள். காசு கொடுக்காதவர் கோபத்தைக் காட்டவும் கூசுவார். கோபம் அறைக்குள் வராவிட்டால் பகுத்தாய என்ன இருக்கிறது?

அமர்வு முடிந்த அன்றே குறிப்பு எழுதுங்கள், எதிரே உட்கார்ந்து எழுத வேண்டாம். கடைசியில் உறுப்பினர் தகுதிக்கான கேஸ் அறிக்கையில் பலர் நோயாளியின் வாழ்க்கை வரலாற்றை இருபது பக்கம் எழுதிவிடுகிறார்கள். வாசிப்பவர் தேடுவது வேறு: செவ்வாய்க்கிழமை நோயாளி பத்து நிமிடம் தாமதமாக வந்தார், நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்கு அவர் என்ன சொன்னார், அந்த நேரம் உங்களுக்குள் என்ன ஓடியது. பெயர், ஊர், தொழிலை மாற்றிவிட வேண்டும்.

சாம்பல்பூனை:
பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானைப் பின்பற்றும் அமைப்புகளின் ('பள்ளிகள்' என்பார்கள்) வழி வேறு. 1963ல் லக்கானைப் பயிற்சிப் பகுப்பாய்வாளர் பட்டியலிலிருந்து நீக்கியதற்கு, அமர்வுகளின் நேரத்தை அவர் இஷ்டப்படி குறைத்தது முக்கியக் காரணம். அங்கே இன்றும் 45 நிமிடக் கணக்கு கிடையாது. 'பாஸ்' என்றொரு நடைமுறை உண்டு: தன் பகுப்பாய்வு எப்படி முடிந்தது என்பதை ஒருவர் இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சொல்வார், நடுவர் குழுவிடம் பேசப்போவது அந்த இருவர்தான், அவர் அல்ல. ஆனால் பள்ளியில் உறுப்பினராக 'பாஸ்' கட்டாயமில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த வழியில் போனால் ஐ.பி.ஏ. உறுப்பினர் ஆக மாட்டீர்கள்.

தெற்குவாசல்:
அப்படியென்றால் இந்த வாரமே பயிற்சிக் குழுவுக்கு எழுதுகிறேன். இப்போதைய தெரபியை நிறுத்திவிடவா?

மஞ்சள்விளக்கு:
பதில் வரும்வரை தொடருங்கள். நிறுத்துவதை முதலில் அவரிடமே பேசுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல.