ஹெல்த்கேர் ரீட் பங்கில் 10,000 டாலர், 20 வருடம்: 9% கணக்கு எங்கே நிற்கும், எங்கே உடையும்?

கூட்டுவட்டி20 கேட்டது:

அமெரிக்க ஹெல்த்கேர் ரீட் பங்குகளை (மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற கட்டடங்களை வைத்து வாடகை வாங்கும் கம்பெனிகள்: வெல்டவர், வென்டாஸ், ஹெல்த்பீக், ஒமேகா போன்றவை) மனதில் வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போட்டிருக்கிறேன். முதலீடு 10,000 டாலர். பங்கு விலை வருடத்துக்கு 4% ஏறுகிறது, டிவிடெண்ட் 5%, வருகிற டிவிடெண்டை எல்லாம் அதே பங்கில் திரும்பப் போடுகிறோம். மொத்தம் 9%, 20 வருட முடிவில் 56,044 டாலர்.

ஒரு இடத்தில் இடிக்கிறது. வருமானத்தில் 90 சதவீதத்தைப் பங்குதாரருக்குக் கொடுத்தே ஆக வேண்டிய கம்பெனி 4% எதை வைத்து வளரும்? டிவிடெண்டைத் திரும்பப் போடாமல் கையில் வாங்கினால் எவ்வளவு குறையும்? இந்தக் கணக்கைக் கவிழ்க்கக்கூடியது எது? தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் நல்லது.

வாடகைச்சீட்டு:

அந்த 90% வரிக்குரிய வருமானத்தில். தேய்மானத்தைக் கழித்த பிறகு வரும் தொகை அது. அமெரிக்க வரிச் சட்டத்தில் வணிகக் கட்டடத்துக்கு 39 வருடத் தேய்மானம் உண்டு. அந்தச் செலவு காகிதத்தில் மட்டும்தான், கையை விட்டுப் பணம் போவதில்லை. அதனால் ரீட்டுக்கு இ.பி.எஸ். (ஒரு பங்குக்கான லாபம்) பார்க்காதீர்கள், பி.இ. விகிதம் (விலை அந்த லாபத்தைப் போல எத்தனை மடங்கு) பார்த்தால் பங்கு யானை விலையாகத் தெரியும். பார்க்க வேண்டியது எஃப்.எஃப்.ஓ.: லாபத்தோடு கட்டடத் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டியது. அதைவிட நல்லது ஏ.எஃப்.எஃப்.ஓ.: பராமரிப்புச் செலவையும், இன்னும் கைக்கு வராமல் கணக்கில் மட்டும் ஏறிய வாடகையையும் கழித்தது.

ஒரு மாதிரிப் பங்கு எடுத்துக்கொள்வோம். விலை 56 டாலர். எஃப்.எஃப்.ஓ. பங்குக்கு 4.00, ஏ.எஃப்.எஃப்.ஓ. 3.50, டிவிடெண்ட் 2.80. அதாவது 5% ஈவு. மீதி 0.70 கம்பெனியிடமே நிற்கிறது. அதை வைத்து 7% தரும் கட்டடம் வாங்கினால் 0.049 கூடுகிறது, 3.50-க்கு அது 1.4%. குத்தகை ஒப்பந்தத்தில் வருடாவருடம் வாடகை 2.5% ஏறும் என்று இருந்தால் இரண்டும் சேர்ந்து 3.9%. உங்கள் 4% இங்கிருந்துதான் வருகிறது. கணக்கு சரி, ஆனால் அதில் ஒரு துளிகூட மிச்சம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

புதுப் பங்கு வெளியிட்டும் கட்டடம் வாங்குவார்கள், இந்தத் துறையில் அது அன்றாடம் நடப்பது. அப்போது மொத்த வருமானம் ஏறியதைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் ஒரு பங்குக்கு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 16 மடங்கு விலையில் பங்கு விற்றால் அந்தப் பணத்துக்கு ஏ.எஃப்.எஃப்.ஓ. அடிப்படையில் 6.25% செலவு. அதில் 5.5% தரும் கட்டடம் வாங்கினால் கம்பெனி பெரிதாகும், உங்கள் பங்கு சிறிதாகும்.

டிவிடெண்டைக் கையில் வாங்கினால்: பங்கின் மதிப்பு 21,911, இருபது வருட டிவிடெண்ட் சுமார் 14,889, ஆக 36,800. திரும்பப் போட்டதற்கும் இதற்கும் 19,244 டாலர் வித்தியாசம்.

கடனை மறந்துவிடாதீர்கள். அதே பங்குக்கு 24 டாலர் கடன் 3.5% வட்டியில் இருந்தால் வட்டி 0.84. அது முதிர்ந்து 5.5 சதவீதத்துக்குப் புதுப்பித்தால் 1.32. ஏ.எஃப்.எஃப்.ஓ. 3.50-லிருந்து 3.02-க்கு இறங்கும், டிவிடெண்ட் அதில் 93 சதவீதத்தை விழுங்கும். வாடகையில் ஒரு பைசா குறையாமலே இது நடக்கும். ஆண்டறிக்கையில் எந்த வருடம் எவ்வளவு கடன் முதிர்கிறது என்று ஒரு அட்டவணை இருக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

படுக்கைக்கணக்கு:

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். வாடகை ஏறும்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தா மட்டும் போதாது, குத்தகைக்காரர் கட்டணும். வரி, காப்பீடு, பராமரிப்பு மூணும் அவர் தலையில இருக்கிற 'டிரிபிள் நெட்' குத்தகை ரீட்டுக்கு நிம்மதிதான், அவர் விழுற வரைக்கும். வாடகை கட்டுறதுக்கு முன்னாடி அவருக்கு வர்ற லாபம் வாடகையைப் போல எத்தனை மடங்குன்னு பாருங்க. 1.2 மடங்குன்னா, செவிலியர் சம்பளம் கொஞ்சம் ஏறினாலே மூச்சு முட்டும். நர்சிங் இல்லங்கள்ல மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிகெய்ட் (வசதி குறைஞ்சவங்களுக்கான அரசுக் காப்பீடு) கட்டணத்தை அரசு நிர்ணயிக்குது, அதனால செலவு ஏறினா விலையை ஏத்தவும் முடியாது.

மெடிக்கல் பிராப்பர்டீஸ் டிரஸ்ட்ங்கிற மருத்துவமனை ரீட் நல்ல பாடம். அதோட மிகப்பெரிய குத்தகைதாரரா இருந்தது ஸ்டூவர்ட் மருத்துவமனைக் குழுமம். காலாண்டு டிவிடெண்ட் 0.29-லிருந்து 2023 ஆகஸ்டுல 0.15 ஆச்சு. 2024 மே மாசம் ஸ்டூவர்ட் திவால் மனு போட்டுச்சு, அதே வருஷம் டிவிடெண்ட் 0.08. ஒரே குத்தகைதாரர்கிட்ட வாடகையில பெரும்பங்கு இருந்தா ஈவு 8%, 10%ன்னு கவர்ச்சியா தெரியறதுக்குக் காரணமே அந்தப் பயம்தான்.

முதியோர் குடியிருப்பு வேற கதை. 2008-ல வந்த ரிடியாங்கிற அமெரிக்கச் சட்டத்துக்கு அப்புறம் ரீட் தன் துணை நிறுவனம் வழியா அந்த இல்லத்தோட லாப நஷ்டத்தையே எடுத்துக்கலாம். 100 அறை, மாசம் அறைக்கு 5,000 டாலர்னு வைங்க. நிலைச்செலவு 2,20,000, ஒரு ஆளுக்கு 1,000. 80 பேர் இருந்தா மிச்சம் 1,00,000. 90 பேர்னா 1,40,000. 70 பேர்னா 60,000. பத்து அறைக்கு 40% இப்படியும் அப்படியும் ஆடுது. 2020-ல கோவிட் வந்தப்ப வெல்டவர் காலாண்டு டிவிடெண்டை 0.87-லிருந்து 0.61-க்கும், வென்டாஸ் 0.7925-லிருந்து 0.45-க்கும் குறைச்சது இதனாலதான். அதே நெம்புகோல் மேல் நோக்கியும் தூக்கும்: போருக்கு அப்புறம் பிறந்த பெரிய தலைமுறையில மூத்தவங்களுக்கு, அதாவது 1946-ல பிறந்தவங்களுக்கு, 2026-ல 80 வயசு, அதுக்கேத்த வேகத்துல புது இல்லம் கட்டலைன்னா அறைகள் நிரம்பும்.

உங்க கணக்குல நடுவுல ஒரு தடவை விலையும் டிவிடெண்டும் 40% விழுந்து, அங்கிருந்து பழைய வேகத்துலயே போனா 56,044-க்குப் பதிலா 33,626. வருஷத்துக்கு 6.25%தான்.

கூட்டுவட்டி20:

அந்த 6.25% கண்ணைத் திறந்துவிட்டது, இருவருக்கும் நன்றி. பழைய விலைகளை வைத்து இதைச் சோதிக்க நினைக்கிறேன். 'அட்ஜஸ்டெட்' இறுதி விலையை எடுத்து, அதோடு டிவிடெண்டைக் கூட்டினால் சரியா?

தேதிவாரி:

கூடாது. அட்ஜஸ்டெட் விலையில் டிவிடெண்ட் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, மறுபடி கூட்டினால் இரண்டு முறை எண்ணியதாகும். ஒன்று, அட்ஜஸ்டெட் விலையை மட்டும் எடுத்து கடைசியை முதலால் வகுங்கள். அல்லது சாதாரண விலையை எடுத்து ஒவ்வொரு காலாண்டு டிவிடெண்டுக்கும் எத்தனை பங்கு கிடைக்கும் என்று நீங்களே ஏற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது முறையில் பிரிவினைகளை (கம்பெனியின் ஒரு பகுதி தனிக் கம்பெனியாகப் பிரிந்து, அதன் பங்கு உங்களுக்குக் கிடைப்பது) கையால் சேர்க்க வேண்டும்: வென்டாஸ் 2015-ல் நான்கு பங்குக்கு ஒரு கேர் கேபிடல் பங்கு கொடுத்தது, ஹெச்.சி.பி. (இன்றைய ஹெல்த்பீக்) 2016-ல் ஐந்துக்கு ஒரு குவாலிட்டி கேர் பங்கு கொடுத்தது. இதை விட்டால் அந்த நாளில் விலை காரணமில்லாமல் விழுந்ததாகத் தெரியும்.

தொடக்கத் தேதி ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். 2007 தொடக்கத்தில் வாங்கியவரும் 2009 மார்ச்சில் வாங்கியவரும் ஒரே பங்கு வைத்திருந்தாலும் வேறு வேறு உலகம். ஒவ்வொரு மாதமும் தொடங்கியதாக வைத்து எல்லா 10 வருடத் துண்டுகளையும் ஓட்டி, நடு மதிப்பையும் மோசமானதையும் எழுதுங்கள். இன்று பெரிதாக நிற்கும் பெயர்களை மட்டும் எடுக்க வேண்டாம். டைவர்சிஃபைட் ஹெல்த்கேர் டிரஸ்ட்டின் காலாண்டு டிவிடெண்ட் 2020-ல் 1 சென்டுக்கு வந்தது, அதையும் போட்டுப் பாருங்கள்.

வரியும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு, இரு நாட்டு வரி ஒப்பந்தச் சலுகை இல்லையென்றால், டிவிடெண்டில் 30% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 5% ஈவு 3.5% ஆகும், 56,044 டாலர் 42,479 ஆகும். அங்கேயே இருப்பவர் ரோத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் இந்த வெட்டு இல்லை. விரிதாளில் வரிக்கு ஒரு தனிப் பத்தி விட்டு, டிவிடெண்ட் வரும் அன்றே கழியுங்கள். இருபதாம் வருடக் கடைசியில் மொத்தமாகக் கழித்தால் எண் பொய் சொல்லும்.