நெடுந்தீவுப் பெருக்குமரம்: நடந்து போக வழி சொல்லுங்கள்

அடுத்த ஞாயிறு அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் நிற்கும் பெருக்குமரம் (பாவோபாப் மரம்) பார்க்கப் போகிறேன். அரேபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பல நூற்றாண்டு மரம். அடிமரப் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். சிறுமியாக அதற்குள் ஒளிந்து விளையாடியவர் அம்மம்மா. இப்போது 74 வயது, முழங்கால் நோ. ஆனாலும் ஓட்டோ வேண்டாம், நடந்துதான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். (அந்த முழங்காலை வைத்துக்கொண்டுதான்!)

மாவிலித்துறையில் இறங்கி, முருகைக்கல் (பவளக்கல்) வேலிகளை ஒட்டி நடந்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்? இடையில் உட்கார நிழலும் குடிதண்ணீரும் உண்டா? குறிகட்டுவானிலிருந்து காலைப் படகு எத்தனை மணிக்கு? முக்கியமாக, திரும்பும் கடைசிப் படகு? போன முறை அதைத் தவறவிட்டு, முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் படுத்தெழும்பினேன். அண்மையில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.