இலங்கை மலைநாட்டில் பிள்ளைகளோடு குடியிருக்க நல்ல ஏரியா: உங்கள் அனுபவம் என்ன?

டிக்கோயா ரோட் அம்மா

எங்கள் வீடு ஹட்டன் டவுனுக்கு வெளியே, டிக்கோயா போகிற பக்கம், ஒரு சரிவில் இருக்கிறது. தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லாக் குடும்பமும் கலந்த ரோடு. பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், பிறந்து, டீச்சராகவோ கிளார்க்காகவோ வேலை கிடைத்து, கொழும்பில் உழைத்த காசையும் சேர்த்துப் பத்துப் பேர்ச் காணி வாங்கி வந்தவர்கள். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். காணி பார்க்க வருகிறவர்கள் ஸ்கூல் எவ்வளவு தூரம், பஸ் வருமா, தண்ணி லைன் இருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். நான் அதோடு இன்னொன்றும் சொல்வேன்: மேல் வீட்டில் யார், கீழ் வீட்டில் யார் என்று பாருங்கள். சமதரையில் பக்கத்து வீட்டோடு பேசாமலே காலம் தள்ளலாம். சரிவில் முடியாது. மேல் வீட்டுக் கூரைத் தண்ணி நம் மதிலில் விழும், நம் தண்ணி கீழ் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் போகும்.

நாங்கள் குடிவந்த வருஷம் மே கடைசியில் மழை பிடித்தது. ஹட்டன் மழை தெரியும்தானே, தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை துணி காயாது. ஒரு நாள் காலையில் மேல் வீட்டுச் சிங்கள ஐயா, மாத்தயா என்போம், குடையோடு இறங்கி வந்தார், கையில் நீளமான இரும்புக் கம்பி. நேரே எங்கள் பின்பக்கக் கல் மதிலுக்குப் போனார். தண்ணி வடிய மதிலில் வைத்திருந்த பைப் ஓட்டைகளைப் பாசியும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் சேறாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. தெளிந்த தண்ணி வருவதற்குள் எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. மதிலுக்குப் பின்னால் அவ்வளவு தண்ணி நின்றிருக்கிறது. அதை ஒட்டித்தான் பிள்ளைகள் படுக்கிற அறை. "மழைக்கு முதல் ஒவ்வொரு வருஷமும் இதைக் குத்தணும், துவ" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் சொல்லிவிட்டு, கம்பியோடு கீழ் வீட்டுக்கும் போனார்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்தோடு ஆட்களை மண் மூடியதை மலைநாட்டில் யார் மறந்தார்கள்? அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் மழையை அளக்கிற பழக்கம் வந்தது. கீழ் வீட்டு முஸ்லிம் நானா கழுத்தை வெட்டிய நேர்ப்பக்கமுள்ள போத்தல் ஒன்றில் மில்லிமீட்டர் கோடு போட்டு மொட்டைமாடியில் வைத்திருக்கிறார். 24 மணி நேரத்தில் 75 தாண்டினால் கவனம், 100 என்றால் பை கட்டித் தயாராக இருக்க வேண்டும், 150 என்றால் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுவது இந்தக் கணக்கில்தான். காலையில் போத்தலைப் பார்த்து வாட்ஸ்அப் குறூப்பில் போடுவது பிள்ளைகளின் வேலை. என் மூத்த மகளுக்கு மில்லிமீட்டர் என்றால் என்னவென்று பாடத்தில் வருவதற்கு முன்பே தெரியும்.

விளையாட்டைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபிப்பார்கள். மலைநாட்டில் கிடைக்காத பொருள் சமதரை. எங்களுக்கு ரோடுதான் கிரவுண்ட். பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஆட்டோக்காரர்கள் வளைவில் ஹோர்ன் அடித்துவிட்டு மெதுவாக வருவார்கள். பந்து கீழே உருண்டால் ஆச்சியின் லீக்ஸ் பாத்தியில் போய்த்தான் நிற்கும், அடித்தவன் இறங்கிப் போய் எடுக்க வேண்டும். ஆச்சி திட்டுவார். திட்டிக்கொண்டே பந்தைத் துடைத்துக் கொடுப்பார். பாண், பணிஸ் விற்கிற சூன் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டதும் ஆட்டம் கலைந்துவிடும், எல்லாருக்கும் கிம்புலா பணிஸ் வேண்டும்.


நோர்வூட் தம்பி

அக்கா சொன்ன மேல் வீடு, கீழ் வீடு கதை சரிதான். என் அனுபவம் கொஞ்சம் வேறு.

நாங்கள் தோட்ட மக்களுக்கு இந்திய அரசு உதவும் இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த தனிவீட்டுக்கு வந்தோம். 550 சதுர அடி, ஏழு பேர்ச் காணி. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி எங்கள் நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது கிரவுண்டில் நானும் நின்றேன். சொந்தக் கதவு, சொந்தக் கக்கூஸ், மழை பெய்தால் ஒழுகாத கூரை. இதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்கள் நாங்கள். லயமே நல்லது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனாலும் பிள்ளை வளர்ப்பில் ஒன்று குறைந்தது. லயத்தில் இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, வரிசையாகத் தொடர்ந்து போகும். கொழுந்தெடுக்கப் போன அம்மா வரும் வரை, தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்திலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் அந்த வரிசையில்தான் கிடக்கும். வரிசையின் கடைசியிலுள்ள தொங்க வீட்டில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் போதும், மொத்த லயத்தையும் பார்த்துக்கொள்வார். தனிவீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் பூட்டிய கதவுக்குப் பின்னால். அதனால் எங்கள் வரிசைப் பெண்கள் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள்: ஒவ்வொரு கிழமையும் ஒரு வீடு. ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள் அந்த வீட்டில்தான் ரொட்டி தின்று, பாடம் செய்து, தாய் வந்த பிறகு போவார்கள். மாவும் தேங்காயும் எல்லா வீட்டிலிருந்தும் வரும். இப்போது யார் பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.


நுவரெலியா வாடகைக்காரர்

நான் மட்டும் கசப்பாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கை முன்பு குடும்பங்கள் மட்டும் இருந்த இடம். இப்போது ஒன்றுவிட்டு ஒன்று ஹோம்ஸ்டே. ஏப்ரல் சீசனில் வான்கள் இரண்டு பக்கமும் நிற்கும், இரவு இரண்டு மணி வரை பாட்டு. பிள்ளைகளை ரோட்டில் விட முடியாது. ஒவ்வொரு கிழமையும் புது முகம், யாருக்கு வணக்கம் சொல்வது? சீசன் காசு பார்த்த வீட்டுக்காரர் எங்களையும் எழும்பச் சொல்லிவிட்டார். இன்னொன்று: 1,868 மீட்டர் உயரத்துக் குளிரில் வெயில் படாத வீட்டைச் சின்னப் பிள்ளைகளோடு எடுக்காதீர்கள். சுவரில் பூஞ்சணம் பிடித்து, என் சின்னவனுக்கு மூச்சு இழுப்பு வந்து பட்ட பாடு போதும். காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது என்று பார்த்து எடுங்கள்.


பண்டாரவளை அப்பா

நுவரெலியா அண்ணே, இங்கே வாருங்கள், வெயிலுக்குக் குறைவில்லை. ஹட்டனில் கொட்டும் மாதங்களில் எங்களுக்குக் காற்று மட்டும்தான். எங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கும். அதனால் ஓகஸ்டில் தண்ணிக்குத்தான் கஷ்டம். மேலே ஒரு ஊற்றிலிருந்து பைப் போட்டு எடுக்கிறோம், வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று முறை. சண்டை வராமல் இருக்காது. ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதல் முறை என்பதில் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

என் அப்பா தவறியபோது நடந்ததைச் சொல்கிறேன். செய்தி போய் அரை மணி நேரத்துக்குள் முனையில் வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்கள். மரண உதவிச் சங்கத்திலிருந்து கூடாரம், கதிரை எல்லாம் வந்தது. செத்த வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்பது முன்வீட்டு சிங்கள அம்மாவுக்கு நாங்கள் சொல்லாமலே தெரிந்திருந்தது. எட்டுச் சடங்கு வரை சாப்பாடு வெளியிலிருந்துதான், மரக்கறி மட்டும். பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் குளிப்பாட்டி, சீருடை மினுக்கி, ஸ்கூல் வானில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். என் மகன் அவர் கணவரைச் சீயா என்றுதான் கூப்பிடுவான். சொந்தத் தாத்தா போன பிறகு இன்னும் கூட.


கம்பளை டீச்சர்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த இரவு. கீழே மகாவலி டவுனுக்குள் ஏறிவிட்டது. ஆற்றோரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் ஏறி வந்தார்கள். நாங்கள் இருப்பதோ சரிவில், எங்கள் பின் மேட்டில் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. மேல் வீட்டு ஐயா டோர்ச் அடித்துக்கொண்டு வந்து, "டீச்சர், என் வீட்டு வாசல் கதவு மூட வருதில்ல, நிலை சாய்ஞ்சிருக்கு. இனி இங்க இருக்க ஏலாது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாரும் கிளம்பினோம். கரண்ட் இல்லை, போனும் இல்லை. நடுவில் சமதரையில் இருந்த பள்ளிவாசலைத் திறந்துவிட்டார்கள். ஆற்றிலிருந்து ஏறியவர்களும் மலையிலிருந்து இறங்கியவர்களும் ஒரே பாயில். பிள்ளைகளுக்கு முதலில் கஞ்சி.

விடிந்து பார்த்தால் ஐயாவின் அடுப்படி இல்லை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் குடும்பம் இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறது.

காணி வாங்க நினைக்கிறவர்கள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். வெயில் நாளில் போய்ப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், மழை பெய்யும்போது போய் மேல் வீட்டு வடிகானின் தண்ணி எங்கே விழுகிறது என்று நின்று பாருங்கள். மரங்கள் சாய்ந்திருக்கிறதா, மதிலில் புது வெடிப்பு இருக்கிறதா, திடீரென்று ஊற்று கிளம்பியிருக்கிறதா என்றும் மேல் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், மேல் வீட்டுக்காரர் உள்ளே வாங்க என்று தேத்தண்ணி ஊற்றுகிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.